சொத்து வரிச் சீட்டில் ‘நூலக வரி’: ஒரு நகரத்தின் பொது நிறுவனங்களை ஆராய எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, குடியிருப்புகளுக்கான உயர்வு பரப்பளவையும் ஊரையும் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை இருந்தது. விவாதம் முழுவதும் அந்த விழுக்காட்டைச் சுற்றியே நடந்தது. அதே உயர்வால் வரிச் சீட்டின் இன்னொரு தொகையும் தானாகவே கூடியதைக் கவனித்தவர்கள் குறைவு. அது நூலக வரி. சொத்து வரியின் மீது 10 விழுக்காடாக இது கணக்கிடப்படுவதால், அடிப்படை வரி இரட்டிப்பானால் இதுவும் இரட்டிப்பாகும். அப்படியானால் எங்கள் தெருமுனையில் உள்ள கிளை நூலகத்துக்கு வரும் பணமும் இரட்டிப்பாகியிருக்க வேண்டுமே, அது எங்கே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. வரியை வசூலிப்பவர், பணத்தைப் பெறுபவர், கட்டடத்துக்கு உரியவர், நூல்களைத் தேர்வு செய்பவர் ஆகியோர் பெரும்பாலும் வேறு வேறு அமைப்புகள்.

நூலகம் என்றில்லை, சமூக நலக்கூடம், விளையாட்டுத் திடல், அருங்காட்சியகம், கலையரங்கம் என நகர மக்கள் பொதுவில் பயன்படுத்தும் எந்த இடத்தை ஆராய முற்பட்டாலும் இந்தச் சிக்கல் எதிர்ப்படும். ஆனால் நூலகத்துக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அதற்கெனத் தனிச் சட்டமும் தனி வரியும் இருப்பதால், பணத்தின் தடத்தைப் பின்பற்றிச் செல்ல முடியும். ஆகவே சென்னையின் நூலகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய நிறுவனங்களை எப்படி ஆராய்வது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வரி, கட்டணம், மேல்வரி

வரி என்பது அரசோ உள்ளாட்சி அமைப்போ பொதுச் செலவுக்காகக் கட்டாயமாக வசூலிப்பது. செலுத்தியவருக்கு அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட ஒரு சேவையை அளிக்கும் கடமை அதில் இல்லை. கட்டணம் என்பது குறிப்பிட்ட சேவைக்கு ஈடாகப் பெறுவது. நூலகத்தில் உறுப்பினராகச் சேரும்போது செலுத்துவது இந்த வகை. மேல்வரி என்பது ஏற்கெனவே உள்ள ஒரு வரியின் மீது, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக மட்டும் விதிக்கப்படுவது. நூலக வரி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதை மாநகராட்சி வசூலித்தாலும், அது மாநகராட்சியின் வருவாய் அல்ல. வேறொரு சட்ட அமைப்பின் சார்பாக வாங்கிக் கொடுக்கும் பணம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் பகுதிகள் எளிதில் விளங்கும்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பல மேல்வரிகள் மறைந்தன அல்லவா, இது எப்படித் தப்பியது என்றும் சிலர் கேட்பதுண்டு. ஜி.எஸ்.டி. பொருள்கள், சேவைகள் மீதான வரிகளையே உள்ளடக்கியது. சொத்து வரி அதற்குள் வரவில்லை. எனவே அதன் மீது ஏறி அமர்ந்திருக்கும் நூலக வரியும் அப்படியே தொடர்கிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் செய்தது என்ன

சென்னை மாகாணத்தில் 1948இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக இதற்காகப் பல ஆண்டுகள் முயன்றார். அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் காலத்தில் அது சட்டமாயிற்று.

சட்டத்தின் நடுநாயகமான ஏற்பாடு, சென்னை நகருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நூலக ஆணைக்குழுவை அமைத்து, அதற்கெனத் தனி நிதியை உருவாக்கி, அந்த நிதிக்கு ஊற்றாகச் சொத்து வரி அல்லது வீட்டு வரியின் மீது ஒரு மேல்வரியை விதித்தது. தொடக்கத்தில் இது ரூபாய்க்கு 6 பை, அதாவது அரையணா. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3 காசு. பின்னர் படிப்படியாக உயர்ந்து இப்போது ரூபாய்க்கு 10 காசாக நிற்கிறது.

வரியின் மூலம் நூலகம் நடத்தும் யோசனை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கு 1850இல் இயற்றப்பட்ட சட்டம், சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரை வரி விதிக்க நகரங்களை அனுமதித்தது. அதில் ஒரு விந்தையான கட்டுப்பாடு இருந்தது: அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் பணியாளருக்கும் செலவிடலாம், நூல் வாங்கக் கூடாது. நூல்களை நன்கொடையாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 1855இல் உச்சவரம்பு ஒரு பென்னியாக உயர்ந்தது. நூல் வாங்கவும் வழி பிறந்தது. ஒரு மேல்வரி எவ்வளவு வசூலாகிறது என்பதைவிட, அதை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடலாகாது என்று விதி சொல்வதுதான் நிறுவனத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியாவுக்குள்ளும் எல்லா மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றவில்லை. கர்நாடகம் 6 விழுக்காடும் கேரளம் 5 விழுக்காடும் நூலக வரி பெறுகின்றன. மகாராட்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் நூலகச் சட்டம் உண்டு, நூலக வரி இல்லை; அரசின் மானியமே அங்கு ஆதாரம். கேரளத்தின் தனித்தன்மை இன்னொன்று: அங்கு பெரும்பாலான நூலகங்கள் உள்ளூர் மக்கள் சங்கங்கள் நடத்துபவை, அரசமைப்பு அவற்றுக்கு மானியம் தந்து தரம் பிரிக்கிறது. தமிழ்நாட்டில் நூலகம் நேரடியாகத் துறையின் அலகு. ஆகவே ‘வரி அங்கே குறைவு, பணி சிறப்பு’ என்பது போன்ற ஒப்பீடுகளை இந்த அடிப்படை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் செய்வது பயனற்றது.

பணம் செல்லும் வழி

எளிமைக்காக ஒரு வீட்டின் அரையாண்டுச் சொத்து வரி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மீதான நூலக வரி 300 ரூபாய்.

1. வீட்டு உரிமையாளர் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ செலுத்துகிறார்.

2. அந்த 300 ரூபாயை உள்ளாட்சி அமைப்பு பிரித்து நூலக ஆணைக்குழுவின் கணக்குக்கு அனுப்ப வேண்டும்.

3. ஆணைக்குழு அதைத் தன் நூலக நிதியில் சேர்த்து, தன் எல்லைக்குள் உள்ள மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் ஆகியவற்றுக்குச் செலவிடுகிறது. வாடகை, மின்கட்டணம், நாளிதழ், பருவ இதழ், தளவாடம், பழுதுபார்ப்பு என்று செலவினங்கள் விரியும்.

4. நூல் வாங்குவதில் முடிவு பெரும்பாலும் மாவட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. 1972இல் தனியாக அமைந்த பொது நூலகத் துறை மாநில அளவில் தேர்வு செய்கிறது. கொள்முதல் ஆணை பதிப்பாளருக்குப் போகிறது.

மூன்றாம் படியில் ஒரு செய்தி ஒளிந்துள்ளது. உங்கள் 300 ரூபாய் உங்கள் தெருமுனை நூலகத்துக்கு என்று ஒதுக்கப்படுவதில்லை. அது ஆணைக்குழுவின் எல்லை முழுவதற்குமான பொது நிதியில் கலக்கிறது. வரி அதிகம் வரும் வட்டாரத்தின் பணம், வரி குறைவாக வரும் வட்டாரத்தின் நூலகத்தைத் தாங்குகிறது. இது குறையன்று, சட்டத்தின் நோக்கமே அதுதான். ஆனால் ஆணைக்குழுவின் எல்லையைத் தாண்டி இந்தப் பகிர்வு செல்வதில்லை. கட்டடங்களும் வணிக வளாகங்களும் நெருங்கி நிற்கும் மாவட்டத்தில் நூலக வரி கொட்டுகிறது. வேளாண்மையை நம்பிய மாவட்டத்தில் சொட்டுகிறது. 10 காசு என்ற ஒரே விகிதம் மாநிலம் முழுவதும் இருந்தும் நூலகங்கள் ஒரே தரத்தில் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

எங்கெங்கே பணம் குறைகிறது அல்லது நிற்கிறது

இந்தப் பகுதியே ஆராய்வோர் அதிகம் நின்று பார்க்க வேண்டியது.

முதலாவது, அடிப்படை வரி உறைந்து போதல். சென்னையில் 1998இல் சொத்து வரி பொதுச் சீராய்வு நடந்தது. அடுத்த உயர்வு 2018இல் அறிவிக்கப்பட்டு, 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. நடைமுறைக்கு வந்து நிலைத்தது 2022இல்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் வாடகை, மின்கட்டணம், இதழ்களின் விலை எல்லாம் பல மடங்கு ஏறின. புதிய கட்டடங்கள் சேர்ந்ததால் மொத்த வசூல் கூடியது உண்மை. ஆனால் பழைய கட்டடங்களிலிருந்து வரும் நூலக வரி ஏறக்குறைய அசையவே இல்லை. சொத்து வரியை உயர்த்தாமல் இருப்பது மக்களுக்குச் செய்யும் சலுகை என்றே அரசியலில் பேசப்படுகிறது. அந்தச் சலுகையின் ஒரு பங்கை நூலகங்கள் செலுத்தின என்பதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

இரண்டாவது, விலக்குகள். வழிபாட்டு இடங்கள் முதலியவை சொத்து வரியிலிருந்து விலக்குப் பெறுகின்றன. வரி இல்லாத இடத்தில் மேல்வரியும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 285ஆம் பிரிவு ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு மாநில, உள்ளாட்சி வரிகளிலிருந்து விலக்களிக்கிறது. ரயில்வேயும் பாதுகாப்புத் துறையும் பரந்த நிலங்களைக் கொண்டிருக்கும் சென்னை போன்ற நகரத்தில் இதன் விளைவு சிறியதல்ல. அந்தக் குடியிருப்புகளில் வாழ்வோர் கிளை நூலகத்துக்கு வரத் தடை ஏதுமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் வசிக்கும் கட்டடங்களிலிருந்து நூலக நிதிக்கு எதுவும் வருவதில்லை.

மூன்றாவது, நிலுவை. மேலே சொன்ன இரண்டாம் படியில் பணம் தங்கிவிடுகிறது. வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் அதைச் செலவிடும் ஆணைக்குழுவுக்கும் இடையில் உள்ள உறவு சமமானதல்ல. மாநகராட்சி தன் ஒப்பந்ததாரர்களுக்கும் பணியாளர்களுக்கும் பணம் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும்போது, கையில் உள்ள நூலக வரியை அனுப்புவது பட்டியலின் கடைசிக்குப் போகிறது. இப்படித் தாமதம் வழக்கமாகிவிடுகிறது. சென்னையிலும் பெங்களூருவிலும் நூலக வரி நிலுவை பலமுறை செய்தியானது. நிலுவை கோடிக்கணக்கில் பேசப்பட்டது. குடிமக்கள் உரிய காலத்தில் செலுத்திய பணத்தைப் பற்றியே இந்தப் பேச்சு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வரி செலுத்தாதவரின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டும் அதே அமைப்பு இந்தப் பட்டியலில் கடனாளியாக நிற்கிறது.

நான்காவது, கொள்முதல். தமிழில் இலக்கியம், வரலாறு வெளியிடும் பதிப்பாளர் பலருக்கு நூலகத் துறையின் கொள்முதல் ஆணைதான் அச்சுச் செலவை மீட்டுத் தருவது. நீண்ட காலம் நூலின் விலையைப் பக்கங்களின் அளவை, அதாவது பாரங்கள் எனப்படும் அச்சுத் தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு துறை நிர்ணயித்து வந்தது. காகித விலை ஏறியபோதும் அந்த விகிதம் மெதுவாகவே மாறியது என்பது பதிப்பாளர்களின் நெடுங்காலக் குறை. நிலுவையால் ஆணைக்குழுவின் கையில் பணம் குறையும்போது ஆணையும் தாமதமாகிறது, ஆணைக்குப் பிறகு தொகையும் தாமதமாகிறது. ஆக, வரி வசூல் அலுவலகத்தில் நிகழும் ஒரு தாமதம் இரண்டு மூன்று படிகள் கடந்து எந்தப் புத்தகம் அச்சாகிறது என்பதைப் பாதிக்கிறது. தெருமுனை நூலகத்தில் புதிய நூல் இல்லை என்று நூலகரிடம் குறைப்படுவோர், இந்தச் சங்கிலியில் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைப் பார்த்தால் கொஞ்சம் இரக்கம் கொள்வார்கள்.

ஒரே நகரம், பல வகை உரிமை

நகரில் ‘நூலகம்’ என்ற பலகை தொங்கும் எல்லா இடங்களும் இந்த வரியால் நடப்பவை அல்ல. எழும்பூர் பாந்தியன் சாலையில் ஒரே வளாகத்துக்குள் நிற்கும் அரசு அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும் வேறு வேறு துறைகளுக்கு உரியவை. அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. கன்னிமாரா 1896இல் திறக்கப்பட்டு, பொது நூலகச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் மாநில மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் உரிமையுள்ள நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அங்கு நூல் சேர்வது வரியால் மட்டுமன்று; சட்டக் கடமையாலும் சேர்கிறது.

நுங்கம்பாக்கத்தின் சென்னை இலக்கியச் சங்கம் 1812இல் தோன்றியது. அது உறுப்பினர் சந்தாவால் நடப்பது. பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூலகமும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தனியொருவரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்து ஆய்வாளர்களுக்குத் திறந்திருப்பவை. 1928இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாடமி போன்ற சபாக்கள் நகரின் பண்பாட்டு வாழ்வில் பொது இடங்களாக எண்ணப்பட்டாலும் உறுப்பினர்களின் சங்கங்களே. இவற்றை ஒரே பட்டியலில் வைத்து ‘நகரில் இத்தனை பண்பாட்டு நிறுவனங்கள்’ என்று எண்ணிக்கை சொல்வது எளிது. அந்த எண்ணிக்கை எதையும் விளக்காது.

2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வரலாறு, உரிமை என்பது ஏன் முக்கியம் என்பதைக் காட்டுகிறது. 2011 நவம்பரில், ஆட்சி மாறிய சில மாதங்களில், அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது; சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; நூலகம் நீடித்தது. அரசின் முடிவால் எழுந்த நிறுவனத்தை அரசின் இன்னொரு முடிவு அசைக்க முடிந்தது. அதை நிறுத்தியது நீதிமன்றமும் வாசகர்களின் எதிர்ப்பும். சிறிய கிளை நூலகம் இப்படித் தலைப்புச் செய்தி ஆவதில்லை. வாடகைக் கட்டடத்தின் உரிமையாளர் இடத்தைக் காலி செய்யச் சொன்னால் அது சத்தமில்லாமல் வேறு தெருவுக்குப் போய்விடும், அல்லது போகவும் இடமின்றி மூட்டை கட்டப்படும்.

2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இத்தகைய பெரிய நூலகங்கள் தேவையில்லை என்பவர்களோடு உடன்பட முடியாது. ஆனால் அவை நூலக வரி என்ற வாய்க்காலின் பயன் அல்ல, மாநில அரசின் தனி ஒதுக்கீட்டின் பயன். 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் இன்னும் வேறு வகை: போட்டித் தேர்வு எழுதுவோர் அமர்ந்து படிக்கவும், தொழில் செய்வோர் பகிர்ந்து பணியாற்றவும் குறைந்த கட்டணத்தில் இடம் தரும் இது, நூலகத் துறையின் வழியாக அல்லாமல் நகர வளர்ச்சி, மாநகராட்சி அமைப்புகளின் வழியாக வந்தது. கிளை நூலகங்களில் போட்டித் தேர்வு மாணவர்கள் பல ஆண்டுகளாக உட்கார இடம் தேடி நின்ற தேவையே இதற்குக் காரணம். அந்தத் தேவையை நூலக வரியின் அமைப்பு ஏன் நிறைவேற்றவில்லை என்பது ஆய்வுக்குரிய கேள்வி.

ஆராய விரும்புவோர் தேட வேண்டிய ஆவணங்கள்

1. பள்ளிக் கல்வித் துறையின் ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் இதில் பொது நூலகத் துறையும் வகைவாரியான நூலக எண்ணிக்கையும் இடம்பெறும். பல ஆண்டுகளின் குறிப்புகளை அருகருகே வைத்துப் படித்தால்தான் பயன்.

2. உள்ளாட்சி அமைப்பின் வரவு செலவுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும். நூலக வரி இங்கே செலுத்த வேண்டிய தொகையாக, அதாவது கடனாகத் தோன்றும். வருவாய்ப் பக்கத்தில் தேடுவோருக்கு அது கிடைக்காமல் போகலாம்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் வரம்பு. ஒரே கேள்வியை மாநகராட்சிக்கும் நூலக ஆணைக்குழுவுக்கும் தனித்தனியே அனுப்புவது நல்லது: குறிப்பிட்ட நிதியாண்டில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு அனுப்பப்பட்டது என்று முன்னதிடமும், எவ்வளவு வந்தது என்று பின்னதிடமும். இரு விடைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடுதான் நீங்கள் தேடுவது.

4. நூலகத்தின் வருகைப் பதிவேடும் இரவல் பதிவேடும். இவற்றை அப்படியே நம்பக் கூடாது. காலையில் நாளிதழ் படித்துவிட்டுப் போகும் முதியவர் கையெழுத்திடாமல் போகலாம். சொந்தப் புத்தகங்களோடு வந்து நாள் முழுதும் படிக்கும் தேர்வு மாணவர் ஒரு நூலும் இரவல் வாங்குவதில்லை. இரவல் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி ‘நூலகத்துக்கு ஆள் வருவதில்லை’ என்று முடிவு கட்டும் அறிக்கைகள் இந்த இருவரையும் தவறவிடுகின்றன. நாளின் வெவ்வேறு நேரங்களில் போய் நாற்காலிகளை எண்ணிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

5. வாசகர் வட்டத்தின் பதிவுகள், புரவலர் பலகை. 1,000 ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர்ந்தவர்களின் பெயர்ப் பலகை, எந்தக் காலத்தில் எந்த வகை மக்கள் அந்த நூலகத்தைத் தம்முடையதாகக் கருதினார்கள் என்பதைச் சொல்லும்.

எல்லைகள் மாறும்போது

சென்னையை ஆராய்வோர் தவறாமல் சிக்கும் இடம் ஒன்று உண்டு. 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர் முதலிய பகுதிகள் மாநகராட்சிக்குள் வந்தன. ஆனால் வருவாய் மாவட்ட எல்லை அதே வேகத்தில் மாறவில்லை. சென்னை மாவட்டம் மாநகராட்சி எல்லைக்கு இணையாக விரிக்கப்பட்டது 2018இல்தான். நூலக ஆணைக்குழுக்கள் மாவட்டங்களை ஒட்டி அமைந்தவை. எனவே இந்த இடைக்காலத்துப் புள்ளிவிவரத்தைக் கையாளும்போது, ஒரு கிளை நூலகம் எந்த ஆண்டில் எந்த ஆணைக்குழுவின் கணக்கில் இருந்தது, அதன் சுற்றுப்புற வீடுகளின் நூலக வரி எந்த அமைப்பால் வசூலாகி எங்கே அனுப்பப்பட்டது என்பதைத் தனித்தனியே உறுதி செய்ய வேண்டும். இல்லையேல் எல்லை மாற்றத்தால் கூடிய எண்ணிக்கை வளர்ச்சியாகத் தோன்றும்; மாற்றத்தால் குறைந்தது வீழ்ச்சியாகத் தோன்றும். 2019இல் ஆவடியும் 2021இல் தாம்பரமும் மாநகராட்சிகளாக உயர்ந்த பின், வசூலிக்கும் அமைப்புகளின் பெயர்களும் பதிவேடுகளும் மீண்டும் மாறின. ஆகவே 2010க்கும் 2022க்கும் இடையிலான எந்த ஒப்பீட்டையும் தொடங்குமுன், ஒவ்வொரு ஆண்டுக்கும் உரிய எல்லை வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்வதே முதல் வேலை.